மாப்பிள்ளையின் முழங்கால்

மாப்பிள்ளை பாவாடை கட்டிக்கொண்டு தாலி கட்டப்போகிறார் என்று எங்கள் தெரு முழுக்கப் பரவியதற்கு நான்தான் காரணம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், அதுவும் யாரிடமும் சொல்லாதீங்க என்று கேட்டுக்கொண்டு, சொன்னேன். மறுநாள் காலை பால்காரர் வண்டியை அணைக்காமலே, "ஏன் டீச்சர், அந்த ஊர்ல பொம்பளைங்க என்ன கட்டுவாங்க, வேட்டியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் ஒரே மகள் கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா என்ற இடத்தில், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அவள் கட்டிக்கொள்ள விரும்பியவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய ஆட்கள் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறிப் போய் ஐந்து தலைமுறை ஆகிறது. மாப்பிள்ளையே அந்த நாட்டை இரண்டு முறைதான், அதுவும் சுற்றுலாவில்தான், பார்த்திருக்கிறார். ஆனாலும் கல்யாணம், கருமாதி, வருஷத்துக்கொரு முறை எல்லோரும் கூடும் விளையாட்டுத் திருவிழா என்று எதுவானாலும் அவர்களுக்குக் கில்ட்தான். கட்டம் போட்ட கனத்த கம்பளித் துணி. பின்பக்கம் முழுக்க நம் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகத் தைத்திருக்கும். முன்னால் ஒரு தோல் பை தொங்கும். முழங்காலோடு நின்றுவிடும்.

முழங்காலோடு நின்றுவிடும் என்பதைத்தான் நான் கவனிக்கத் தவறினேன்.

"அம்மா, எனக்கு ரெண்டே ரெண்டு ஆசைதான்" என்றாள் மகள், வீடியோ காலில். "அவர் கில்ட் போட்டுக்கிட்டுதான் தாலி கட்டுவார். தாத்தாதான் தாலியை எடுத்துக் குடுக்கணும்." எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஐயரும் கிடையாது, ஹோமமும் கிடையாது. மாலை மாற்றுவார்கள், குடும்பத்தில் மூத்தவர் தாலியை எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார், சாப்பிடப் போவோம். நான் யோசிக்கவே இல்லை. "அவ்வளவுதானே, நடத்திடலாம்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

தாத்தா என்று அவள் சொன்னது என் அப்பாவை. எண்பத்து நாலு வயது, மன்னார்குடிக்குப் பக்கத்தில் என் வீட்டில்தான் இருக்கிறார். பண்ணையாளுக்குப் பிள்ளையாகப் பிறந்து, பண்ணையிலேயே மாடு மேய்த்து, பிறகு கூலிக்கு நட்டு, அறுத்து, நாற்பது வயதுக்கு மேல் மூன்று மா நிலம் சொந்தமாக வாங்கியவர். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் அதைப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால்தான் காபி.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி நான் பார்த்ததே இல்லை. வயல்காட்டில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கூத்து என்று தெரியும். சேற்றில் இறங்குகிற எவரும் வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்பா கணுக்கால் வரை தொங்கவிட்டபடியே இறங்குவார். நாற்றங்காலிலும் அப்படித்தான், வாய்க்காலிலும் அப்படித்தான். அம்மா உயிரோடு இருந்தவரை, "இந்த மனுசன் வேட்டிக்கரையைத் துவைச்சே என் கை தேஞ்சுபோச்சு" என்று புலம்பிக்கொண்டே துவைப்பாள். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு, மெல்லிய பச்சைக்கரை போட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தார். வேட்டி, துண்டு இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனக்கு வேலை கிடைத்து, முதல் நாள் பள்ளியில் சேர்வதற்குப் போன அன்று, பஸ் ஸ்டாப்பில்.

அவர் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஆட்கள் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கக்கூடாது. பண்ணை வீட்டார் எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு பொங்கலுக்கு முதன்முதலாகப் பெரியவர்கள் கட்டுகிற முழு வேட்டி கிடைத்தது. சந்தோஷத்தில் கணுக்கால் வரை விட்டுக் கட்டிக்கொண்டு களத்துப் பக்கம் போயிருக்கிறார். பண்ணைக்காரர் பார்த்துவிட்டார். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அப்பாவின் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாராம். அவ்வளவுதான். என் தாத்தா ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் மகனின் காலடியில் குனிந்து, அந்தப் புது வேட்டியைத் தன் கையாலேயே முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிவிட்டார்.

"கை அப்படி நடுங்குச்சும்மா அவருக்கு" என்றார் அப்பா. "அந்தாளு ரெண்டு அடி அடிச்சிருந்தா மறந்துபோயிருப்பேன்."

பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் மறுபடி சொன்னதில்லை. நானும் என் மகளிடம் சொன்னதில்லை. அவள் நெஞ்சிலும் அந்த முள் தைக்க வேண்டாம் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

மகள் அனுப்பிய போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். கில்ட்டில் மாப்பிள்ளை, பக்கத்தில் அவர் அம்மா. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆளின் உயரத்தைப் பற்றியோ, நிறத்தைப் பற்றியோ, வேற்று மதம், வேற்று தேசம் என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"முட்டி தெரியுதேம்மா" என்றார்.

"அது அவங்க உடுப்புப்பா."

"யாரு இப்படிக் கட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. அவங்களுக்கு அது கௌரவம்."

"கௌரவம்னா இறக்கிக் கட்டச் சொல்லு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "என் பேத்தி கல்யாணத்துல முட்டியக் காட்டிக்கிட்டு நிக்கிற ஒரு ஆளு கையில நான் தாலி எடுத்துக் குடுக்கமாட்டேன். நீ வேற யாரையாச்சும் பாத்துக்க."

மகளிடம் நயமாகப் பேசிப் பார்த்தேன். வேட்டி கட்டினால் மாப்பிள்ளைக்கு எடுப்பாக இருக்கும், பட்டு வேட்டி கும்பகோணத்தில் எடுத்துவிடலாம் என்றேன். அவள் வெடித்தாள். அந்தக் கில்ட் மாப்பிள்ளையின் அப்பா தன் கல்யாணத்துக்கு உடுத்தியது. அவர் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. கடைசி மாதங்களில் படுத்த படுக்கையாக இருந்தபோது, உன் கல்யாணத்தில் நான் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும் என்று மகனிடம் கொடுத்தாராம். "உனக்கு ஊர் சிரிக்கும்னு வெக்கம்மா. அதான் உன் பிரச்சினை" என்றாள். உண்மையான பிரச்சினையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் "அந்தக் கதையெல்லாம் புள்ளைகிட்ட சொல்லிவைக்காத. கல்யாணப் பொண்ணு" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார். அதனால், ஆமாம், ஊர் சிரிக்கும் என்றுதான் கவலை என்று ஒப்புக்கொண்டேன். செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னதாக இருவரும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவால் இவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியவில்லை. வந்தது அவரும் அந்தக் கில்ட்டும்தான். நல்ல பிள்ளை. என் மகள் சொல்லிக்கொடுத்தபடி என்னை அத்தை என்றும், அப்பாவைத் தாத்தா என்றும் கூப்பிட்டார். தரையில் உட்கார வராமல் காலை எப்படி வைப்பது என்று தவித்தார். அப்பாவோடு காலையில் வயலுக்குப் போனார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஒருவர் மடையைக் காட்டுவார், மற்றவர் தலையாட்டுவார். திரும்பி வரும்போது மாப்பிள்ளையின் பேன்ட் முழங்கால் வரை சேறாக இருக்கும். பேன்ட்டை ஏன் சுருட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். தாத்தா வேட்டியை ஏற்றிக் கட்டவில்லையே, நான் மட்டும் சுருட்டினால் மரியாதையாக இருக்குமா என்றார். இவ்வளவு கவனிக்கிற பிள்ளைக்கு எதையும் சொல்ல முடியவில்லையே.

ஒரு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கில்ட்டின் கதையை அவரே அப்பாவுக்குச் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன். ஸ்காட்லாந்தில் அவருடைய ஆட்கள் ஒரு யுத்தத்தில் தோற்ற பிறகு, லண்டன் அரசாங்கம் இந்த உடுப்பையே தடை செய்ததாம். உடுத்தினால் ஜெயில். பல வருஷம் கழித்துத் தடை நீங்கியது. அதற்குப் பிறகு நிலச்சுவான்தார்கள் செம்மறி ஆடு வளர்த்தால் வருமானம் என்று கண்டு, குடியிருந்த ஜனங்களை விரட்டிவிட்டார்கள். அப்படி விரட்டப்பட்டுக் கப்பலேறியவர்தான் மாப்பிள்ளையின் முன்னோர்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆட்டுக்காகவா ஆள விரட்டுனான்?"

"ஆமாப்பா."

"இங்க, ஓடிப்போனாலும் புடிச்சுட்டு வந்து கட்டிவச்சான். அங்க, இருக்கேன்னாலும் விரட்டிவிட்டிருக்கான்." மாப்பிள்ளையைப் பார்த்து நாலைந்து தடவை தலையை ஆட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது. விஷயம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தடுத்ததத் திருப்பி வாங்குனவன், முழுசா வாங்கியிருக்கலாம்ல? ஏன் முட்டியோட வாங்குனான்?"

தாத்தா என்ன சொல்கிறார் என்று மாப்பிள்ளை ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். நல்ல கதை என்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம். அந்தக் கில்ட்டோடு போடுகிற நீளக் காலுறை முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும். மண்டபத்தில் கொசு அதிகம், காலுறையை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து கொசு மருந்து ட்யூபை எடுத்துக் காட்டினார். அடுத்த நாள் இருவரும் வேளாங்கண்ணி பார்க்கப் போயிருந்தபோது, அவருடைய பெட்டியைத் திறந்தேன். சொல்லவே கூசுகிறது. வளர்கிற பெண்பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் அடியில் நாலு விரல் துணியை உள்மடிப்பாக விட்டுத் தைப்போம், வருஷா வருஷம் இறக்கிவிடலாம். அதைப் போல இதிலும் இருக்கும், நம்ம டெய்லரிடம் கொடுத்து ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று என் புத்தி போயிற்று. கில்ட்டைத் தரையில் விரித்துப் புரட்டிப் பார்த்தேன். அடிமடிப்பே கிடையாது. துணியின் கரையிலேயே முடித்திருந்தார்கள். இறக்குவதற்கு ஓர் அங்குலம்கூட இல்லை. இடுப்புப் பட்டியில் மட்டும் மாப்பிள்ளையின் அப்பா உடம்பு பெருத்தபோது கூடுதலாகக் குத்திய ஓட்டைகள் இரண்டு இருந்தன. அதைப் பார்த்ததும் திருடி மாதிரி உணர்ந்தேன். மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பதற்கு அரைமணி நேரம் ஆனது.

என் கணவரிடம், நீங்களாவது அப்பாவிடம் பேசுங்களேன் என்றேன். "பெரியவர் இதுவரைக்கும் என்கிட்ட எதையாச்சும் கேட்டிருக்காரா? இது ஒண்ணுதான் கேக்கிறார். இதை வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். அதுவும் சரிதான். எல்லோர் பக்கமும் சரியாக இருந்தால் நடுவில் நிற்கிறவள் என்னதான் செய்வாள்?

கல்யாணத்தன்று காலை அப்பா குளித்தார், புது வேட்டி கட்டினார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்தார். வருகிறீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மண்டபத்துக்குக் கிளம்பும் வேனில் எல்லோரும் ஏறிய பிறகு, கடைசியில் அவராகவே வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

மாப்பிள்ளை கில்ட்டில் மேடை ஏறியதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். அந்தக் கம்பளிக்குள் பாவம் மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் நிமிர்ந்து நின்றார். அவர் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மாலை மாற்றினார்கள். அப்பா எழுந்து போய், தட்டிலிருந்து தாலியை எடுத்தார். மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்தார், பார்வையைக் கொஞ்சம்கூடக் கீழே இறக்கவில்லை. தாலியைக் கொடுத்தார். மாப்பிள்ளை கட்டினார். மேளம் முழங்கியது. அப்பாடா என்று நான் அரிசியைத் தூவினேன்.

அதன் பிறகுதான் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் கில்ட் இன்னும் நாலு விரல் மேலே ஏறியது. வெளுத்த முழங்கால் இரண்டும் மொத்த ஊருக்கும் தெரிந்தன. பக்கத்தில் நின்ற அப்பா இப்போது கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் தோளிலிருந்து துண்டை எடுத்தார். என் வயசுக்கு, மற்றவர்கள் முன்னால் அவர் துண்டை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குனிந்து, அதை விரித்து, மாப்பிள்ளையின் முழங்கால்களை மூடினார். இரண்டு ஓரங்களையும் தொடைக்கு அடியில் செருகினார். அவர் கை நடுங்கியது.

ஜனம் கைதட்டியது. "தாத்தா மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துகிறார்" என்று மைக்கில் யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளை எழுந்து நிற்கப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்தபடியே அப்பாவின் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுதுவிட்டார். என் மகளும் அழுதாள். போட்டோகிராபர் ஓடிவந்து, "ஐயா, கூட்டம் மறைச்சிருச்சு, இன்னொரு தடவை போத்துங்க" என்றார். அப்பா இன்னொரு தடவை போர்த்தினார்.

பந்திக்கு அவர் வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கணவர் தன் துண்டைக் கொடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் பக்கத்தில் போனேன்.

"அப்பன் இல்லாத புள்ள" என்றார். "மூடிவிட ஆளு இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவர் காலில் விழுந்து அழ வேண்டும் போல இருந்தது. மேடையிலிருந்து, போட்டோவுக்கு வாங்கம்மா என்று கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை அந்தத் துண்டைக் கில்ட்டோடு சேர்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார். கழுத்தில் போட்டுக்கொள்ளவா, மடித்தே வைத்திருக்கவா, எப்படி வைத்தால் மரியாதை என்று என்னிடம் கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். அந்த ஒரு கேள்விக்காவது நான் பதில் சொல்லியிருக்கலாம். தோளில் போடுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, ஊறுகாய் டப்பா சரியாக மூடியிருக்கிறதா என்று மகள் கத்திக்கொண்டிருந்தாள், எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு போட்டோ வந்தது. அவர்கள் ஊர் விளையாட்டுத் திருவிழா. புல்வெளியில் கில்ட் போட்ட ஆட்கள் ஐம்பது, அறுபது பேர். நடுவில் எங்கள் மாப்பிள்ளை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கில்ட்டின் மேல், தோல் பட்டை இருக்க வேண்டிய இடத்தில், அப்பாவின் பச்சைக்கரைத் துண்டை இடுப்பில் சுற்றி, முன்னால் முடிச்சுப் போட்டிருந்தார். அங்கே வந்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். எங்கள் தாத்தா போர்த்தியது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாராம். தாத்தாகிட்ட உடனே காட்டும்மா என்று மகள் எழுதியிருந்தாள்.

காட்டாமல் இருந்திருக்கலாம். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா, "யாரு, பாப்பாவா?" என்று கையை நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பெரிதாக்கினேன்.

"அங்கயும் இடுப்புலதான் கட்டணுமாம்மா?" என்றார்.

இல்லப்பா, அவருக்குத் தெரியாதுப்பா என்று ஆரம்பித்தேன். அவர் போனை என் கையில் வைத்துவிட்டு, வெறும் தோளோடு வயலுக்குப் போய்விட்டார். கல்யாணத்திலிருந்து புதுத் துண்டு எதுவும் அவர் போட்டுக்கொள்வதில்லை. வாங்கி வைத்தது மூன்று, உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.

நான் மகளுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினேன். களம், பொங்கல், புது வேட்டி, நடுங்கிய கை, எல்லாவற்றையும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாண போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது, அப்பா குனிந்து துண்டு போர்த்துகிற அந்தப் போட்டோதான். எழுதியதை முழுக்க அழித்தேன். தாத்தா பார்த்தார் என்று மட்டும் அனுப்பினேன். அடுத்த நொடியே அங்கிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது.